முன்னிருக்கையில் ஐயத்துக்கு இடம் உண்டா?

2025 மார்ச்சில் 156 ‘பிரசண்ட்’ இலகுரகத் தாக்குதல் ஹெலிகாப்டர்களை வாங்குவதற்காக மத்திய அரசு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் ஏறத்தாழ 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தச் செய்தி வந்தபோது கோவை, சூலூர், பல்லடம் வட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் பலரும் அதைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசினார்கள். கோவையும் சேலமும் ஓசூரும் தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் இடம்பெற்றிருக்கின்றன. நம்மூர் லேத்துகளில் கடைந்த ஏதோ ஓர் உதிரி பாகம் அந்த ஹெலிகாப்டர்களில் பறக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆயினும், அது எவ்வளவு உயரத்தில் இறங்கும், மூக்கில் எத்தனை மில்லிமீட்டர் பீரங்கி, இறக்கைகளில் எத்தனை ராக்கெட்டுகள் என்றெல்லாம் விரிவாக எழுதிய செய்திகளில் ஒரு கேள்வியை மட்டும் நான் காணவில்லை. கீழே ஓடுகிறவர் ஆயுதம் ஏந்தியவரா, ஆடு மேய்க்கிறவரா என்று தெளிவாகத் தெரியாதபோது அந்த விமானி எதை வைத்து முடிவெடுப்பார்?

சூலூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு ஹெலிகாப்டர் அன்றாடக் காட்சி. எம்.ஐ.-17 போக்குவரத்து ஹெலிகாப்டர்களும் ‘சாரங்’ சாகசக் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்களும் விசைத்தறிகளின் சத்தத்தை மீறிக் கடந்துபோகும். பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்து கை அசைப்பார்கள். தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பதான்கோட், ஜோத்பூர் போன்ற தொலைவான தளங்களில்தான் இருக்கின்றன. ஆனால் விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இங்கே ஏராளம். என் மாமா ஒருவரும் போக்குவரத்து ஹெலிகாப்டர்களில் விமானப் பொறியாளராகப் பறந்து ஓய்வு பெற்று, கலங்கல் பக்கம் தென்னந்தோப்போடு குடியிருக்கிறார். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டபோது அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

“மாப்ள, மேல இருந்து பாத்தா ஆளுன்னு தெரியும், ஆருன்னு தெரியாது. அதெ யாராச்சும் சொல்லித்தான் தெரியோணும். சொல்றவன் தப்பாச் சொன்னா அவ்வளவுதான்.”

இந்தப் பொருள் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பகுதி அந்த மூன்று வரிகளுக்கு விளக்கவுரை என்றே சொல்லலாம். பொதுமக்கள் உயிரையும் போர்ப் பயனையும் ஒரு தராசில் வைத்து விமானி நிறுத்துப் பார்ப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். விசையை அழுத்துவதற்கு முந்தைய கணங்களில் அவர் உண்மையில் எடைபோடுவது தன் கண் காட்டுவதையும் வானொலியில் தன் காதுக்கு வருவதையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான். அந்த நம்பிக்கையில் விரிசல் விழும்போது அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு இடமிருக்கிறதா என்பதைப் பொறுத்தே கீழே இருப்பவர்களின் உயிர் அமைகிறது.

முதலில் கண். அமெரிக்கத் தயாரிப்பான அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரில் இருவர் ஒருவர்பின் ஒருவராக அமர்கிறார்கள். பின்னிருக்கையில் இருப்பவர் ஓட்டுகிறார், முன்னிருக்கையில் இருப்பவர் ஆயுதங்களை இயக்குகிறார். மூக்குக்கு அடியில் தொங்கும் 30 மி.மீ. பீரங்கியைத் தலைக்கவசத்தோடு இணைத்துக்கொண்டால், சுடுபவர் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறாரோ அந்தப் பக்கமே குழலும் திரும்பும். நிமிடத்துக்கு 600-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுடக்கூடிய பீரங்கி அது. ஒவ்வொரு குண்டும் விழுந்த இடத்தில் வெடித்துச் சிதறக்கூடியது. இலக்கைக் காட்டும் வெப்பப் படக்கருவி, இரவிலும் ஓர் உடலைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்து வெள்ளையாகவோ கறுப்பாகவோ காட்டிவிடும். உடலின் வெப்பத்தைக் காட்டுமே தவிர அவர் யார் என்பதை அது காட்டாது. பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்கச் சுற்றியிருப்பவை மறைந்துபோகும். நம் பக்கத்து ஆழமான கிணறுகளில் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கையில் அடியில் கிடக்கும் தண்ணீர் மட்டும் துலங்கி, சுற்றியுள்ள தோட்டம் முழுவதும் பார்வையிலிருந்து விலகிவிடுவது போன்றது அது.

2007 ஜூலை 12 அன்று பாக்தாத்தில் நடந்தது இதற்குப் பலரும் அறிந்த சாட்சி. இரண்டு அமெரிக்க அப்பாச்சிகள் ஒரு தெருவில் கூடியிருந்த ஆண்கள்மீது சுட்டன. இறந்தவர்களில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் நமீர் நூர்-எல்தீனும் ஓட்டுநர் சயீத் சமாகும் இருந்தார்கள். புகைப்படக்காரரின் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமரா, தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டு ஏவியாக விமானிகளின் கண்ணுக்குப் பட்டது. காயமுற்றவரை எடுத்துச் செல்ல ஒரு வேன் வந்தது, அதன்மீதும் சுட்டார்கள், உள்ளே இருந்த இரண்டு குழந்தைகள் படுகாயமடைந்தனர். 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அந்தக் காணொளியில் விமானிகளின் பேச்சில் ஒலித்த கடுமையே உலகத்தை அதிர வைத்தது. அது அதிர வைக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. “ஆயுதம்” என்ற சொல் முதலில் ஒருமுறை வானொலியில் ஒலித்த பிறகு, அந்தக் காட்சியில் நிகழ்ந்த ஒவ்வோர் அசைவும் அந்தச் சொல்லின் வெளிச்சத்திலேயே பார்க்கப்பட்டது. அடிபட்டவனைத் தூக்க வந்தவனும் எதிரி ஆனான். சுட அனுமதி கொடுத்த தரைப்படை அதிகாரியோ அந்தக் காட்சியைத் தானே பார்க்கும் நிலையில் இல்லை. விமானிகள் வானொலியில் சொன்னதைக் கேட்டுத்தான் அனுமதி கொடுத்தார். விமானிகள் அந்த அனுமதியைத் தங்கள் பார்வைக்குக் கிடைத்த உறுதிப்பாடாக எடுத்துக்கொண்டார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நம்மவர்கள் சொல்வதன் பிற்பகுதியாகிய “தீர விசாரிப்பது” அங்கே நடக்கவே இல்லை.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை மூன்று கட்டளைகளை இடுகிறது. ஒருவர் பொதுமகனா என்பதில் ஐயம் இருந்தால் அவரைப் பொதுமகனாகவே கொள்ள வேண்டும் என்கிறது அதன் 50-ஆவது பிரிவு. எதிர்பார்க்கும் நேரடியான, திட்டவட்டமான இராணுவப் பயனோடு ஒப்பிடுகையில் பொதுமக்களுக்கு மிகையான இழப்பு நேரும் என்று தெரிந்தால் அந்தத் தாக்குதல் கூடாது என்கிறது 51-ஆவது பிரிவு. இலக்கைச் சரிபார்க்க இயன்றதனைத்தையும் செய், தவறு என்று தெரிந்த கணமே தாக்குதலை நிறுத்து என்கிறது 57-ஆவது பிரிவு. அமெரிக்காவும் இந்தியாவும் இந்த நெறிமுறையில் இணையவில்லை. எனினும் இதன் அடிப்படைக் கோட்பாடுகள் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாக ஏற்கப்பட்டிருக்கின்றன. எத்தனை உயிர் என்றால் “மிகை” என்று சட்டம் எண் எதையும் கூறவில்லை. முடிவெடுத்தவரை, அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்ததையும், முறையாக முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடியதையும் வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவுகோல். ஆகவே சட்டமும் சுற்றி வந்து விமானிக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியிலேயே வந்து நிற்கிறது.

முன்கூட்டித் திட்டமிட்ட குண்டுவீச்சுகளுக்கு மேசையில் கணக்குப் போடும் முறை ஒன்று அமெரிக்கப் படைகளிடம் உண்டு; கட்டடத்தின் வகை, குண்டின் எடை, அது வரும் கோணம், பகலா இரவா என்பதையெல்லாம் வைத்து எவ்வளவு பொதுமக்கள் இறக்கக்கூடும் என்று மதிப்பிட்டு, அந்த எண் ஓர் அளவைத் தாண்டினால் மேலதிகாரியின் ஒப்புதலைக் கேட்பார்கள். அந்தக் கணக்கு சரியா, அதில் அறம் இருக்கிறதா என்பது தனி விவாதம். நம் பொருளுக்கு வேண்டியது, தரைப்படை அடிபட்டுக்கொண்டிருக்கும்போது அழைக்கப்படும் ஹெலிகாப்டருக்கு அந்த மேசை கிடையாது என்பதே. ஆப்கானிஸ்தானில் நடந்த விமானத் தாக்குதல்களை ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், பொதுமக்கள் மரணங்களில் மிகப் பெரும்பாலானவை திட்டமிட்ட தாக்குதல்களில் நேரவில்லை, தரைப்படைக்கு உதவியாக அவசரத்தில் அழைக்கப்பட்ட தாக்குதல்களிலேயே நேர்ந்தன என்று கண்டது. தன் தோழர்கள் சாகிறார்கள் என்ற குரல் காதில் விழும்போது, ஐயம் என்ற சொல்லை உச்சரிப்பதே துரோகம் போலத் தோன்றிவிடுகிறது.

அந்த வகையில் நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் படிப்பது உரூஸ்கான் நிகழ்ச்சி. 2010 பிப்ரவரி 21 அன்று, ஆப்கானிஸ்தானின் உரூஸ்கான் மாகாணத்தில் மூன்று வாகனங்கள் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தன. பல கிலோமீட்டர் தொலைவில் அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவு ஒன்று இருந்தது. அமெரிக்காவிலிருந்து இயக்கப்பட்ட ஆளில்லா விமானம் ஒன்று அந்த வாகனங்களை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து படம் அனுப்பியது. அந்தப் படத்தில் குழந்தைகள் இருப்பதாகப் பகுப்பாய்வாளர்கள் கூறியது தரையிலிருந்த தளபதிக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. “குழந்தை” என்பது “பதின்வயதினர்” ஆகி, பிறகு “போரிடும் வயதினர்” ஆனது. வாகனங்கள் வேறு திசையில் திரும்பி விலகிப் போனபோதும் அது சுற்றி வளைக்கும் உத்தியாகவே கொள்ளப்பட்டது. கடைசியில் அழைக்கப்பட்ட கியோவா ரக ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளும் ராக்கெட்டுகளும் ஏவின. 23 பேர் வரை இறந்தனர். அவர்களில் எவரும் போராளி அல்லர்.

இதில் என்னை உலுக்குவது அந்தத் தாக்குதல் நின்ற விதம். வண்ண ஆடை அணிந்தவர்கள் வாகனங்களிலிருந்து இறங்குவதைக் கண்ட ஹெலிகாப்டர் விமானிகளுக்கு அவர்கள் பெண்கள் என்று தோன்றியது. அவர்கள் சுடுவதை நிறுத்திவிட்டு, பார்த்ததை வானொலியில் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அகன்ற திரைகளின் முன்னே அமர்ந்து மணிக்கணக்கில் கவனித்தவர்கள் காணத் தவறியதை, சம்பவ இடத்துக்குக் கடைசியாக வந்தவர்கள் சில நிமிடங்களில் கண்டார்கள். ஆனால் அதற்குள் ஏவுகணைகள் போய்விட்டன. அவர்கள் வரும்போதே “எதிரி வாகனத் தொடர்” என்ற முடிவு அவர்களிடம் கைமாற்றப்பட்டிருந்தது. சுடுவதற்கு முன் ஒருமுறை தாழ்வாகச் சுற்றிவந்து பார்க்க அவர்களுக்கு யாரும் தடை விதித்ததாகத் தெரியவில்லை. அதற்கான தேவை இருப்பதாக அவர்களை எண்ணவிடும் ஒரு சொல்லும் அவர்களுக்கு வந்து சேரவில்லை. பின்னர் நடந்த விசாரணை, ஆளில்லா விமானக் குழு அனுப்பிய தகவல்கள் துல்லியமற்றவை, தொழில்முறைக்கு ஒவ்வாதவை என்று கண்டித்தது. அதற்கு ஓராண்டு கழித்து, 2011 மார்ச் 1 அன்று, குனார் மாகாணத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒன்பது சிறுவர்கள் ஹெலிகாப்டர் தாக்குதலில் கொல்லப்பட்டபோதும், எதிரியின் இருப்பிடத்தைக் கண்டறிந்தவர்களிடமிருந்து ஹெலிகாப்டர்களுக்குத் தகவல் கைமாறியதில் பிழை நேர்ந்ததாக நேட்டோ தரப்பே ஒப்புக்கொண்டது.

விமானியின் சொந்த உயிரும் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. பல ஆயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் போர்விமானத்தைப் போலன்றி ஹெலிகாப்டர் சாதாரணத் துப்பாக்கிக்கும் எட்டும் உயரத்தில் பறக்கிறது. 2003 மார்ச் 24 அன்று ஈராக்கின் கர்பலா அருகே சென்ற ஏறத்தாழ 30 அப்பாச்சிகளில் ஒன்று வீழ்த்தப்பட்டு அதன் இரு விமானிகளும் சிறைப்பட்டனர். மீதியில் பெரும்பாலானவை குண்டடி பட்டே திரும்பின. குடியிருப்புகளுக்கு நடுவிலிருந்து வந்த அந்தச் சூட்டுக்கு எதிர்ச்சூடு நடத்துவது அந்த வீடுகளையே சுடுவதாக இருந்திருக்கும். நம் நாட்டிலும் 2008 நவம்பரில் சத்தீஸ்கரில் தேர்தல் பணியில் இருந்த விமானப்படை ஹெலிகாப்டர்மீது மாவோயிஸ்டுகள் சுட்டதில் விமானப் பொறியாளர் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு மறு ஆண்டு, தற்காப்புக்காக மட்டும் திருப்பிச் சுடலாம் என்று விமானப்படைக்கு அனுமதி வழங்கப்பட்டது. 1966 மார்ச்சில் ஐஸ்வால் நகரத்தின்மீது விமானப்படை குண்டு வீசியதன் வடு மிசோ மக்களிடம் இன்னும் ஆறாமல் இருக்கும் நாட்டில், அந்த அனுமதி “தற்காப்பு” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது சரியான முடிவு என்றே கருதுகிறேன். மாமாவும் அதை ஏற்றுக்கொள்கிறார். இறந்தவர் தன்னைப் போலவே ஹெலிகாப்டரின் உள்ளே நின்று பணி செய்தவர் என்பதால் அவருக்கு அது எளிதான ஒப்புதல் அல்ல.

தமிழர்களாகிய நமக்கு இந்தப் பேச்சு வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று. 1987-இல் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றப் போரிட்டபோது இந்திய விமானப்படையின் எம்.ஐ.-25 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் அங்கே பயன்படுத்தப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று சாவகச்சேரியின் சந்தைப் பகுதியில் ஹெலிகாப்டர்கள் தாக்கியதில் பொதுமக்கள் பலர் இறந்தனர். பவானிசாகர் முகாமில் வாழும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரிடம் அந்த நாட்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். “ஹெலி வாற சத்தம் கேட்டா நாங்கள் வெளியில நிக்க மாட்டம் தம்பி. ஓடினாலும் சுடுவான், ஒளிச்சாலும் சுடுவான் எண்டு சனம் சொல்லுங்கள். எது செய்தா தப்பலாமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். மேலிருந்து பார்ப்பவருக்கு ஓடுவதும் ஒளிவதும் குற்றத்தின் அடையாளமாகத் தெரிகின்றன; கீழே இருப்பவருக்கோ அவை உயிர் பிழைக்கும் வழிகள். சாவகச்சேரியில் என்ன தகவலின்பேரில், யார் கொடுத்த அனுமதியின்பேரில் சுடப்பட்டது என்பதை நம் அரசு தன் மக்களுக்கு முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். சாவகச்சேரியில் இறந்தவர்களின் உறவினர்கள் நம் மொழியைப் பேசுபவர்கள். அவர்களைப் போலவே போரில் உறவுகளை இழந்த சிலர் நம் மாவட்டங்களின் முகாம்களிலேயே முதுமை அடைந்துவிட்டார்கள்.

ஆயுதம் துல்லியமாகிவிட்டது, இனி இந்தக் கவலை இல்லை என்பவர்களை நான் சந்திக்கிறேன். துல்லியத்தால் பயன் உண்டு, அதை மறுக்க முடியாது. லேசரால் வழிநடத்தப்படும் ஹெல்ஃபயர் ஏவுகணை எட்டு கிலோமீட்டர் வரை செல்லும். அந்தத் தொலைவைக் கடக்க அரை நிமிடம் ஆகும். அதற்குள் இலக்கருகே ஒரு குழந்தை வந்துவிட்டால் லேசர் புள்ளியை வெற்று நிலத்துக்கு நகர்த்தி ஏவுகணையைத் திசைதிருப்ப முடியும். பீரங்கிக் குண்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை, புறப்பட்டது புறப்பட்டதுதான். ஆனால் குறி வைத்த இடத்தில் படுவது மட்டுமே துல்லியம் தரும் உறுதி. குறி வைக்கப்பட்டவர் யார் என்பதற்கு எந்த லேசரும் பொறுப்பேற்காது. உரூஸ்கானில் ஏவுகணைகள் குறி தவறவில்லை.

ஐயத்துக்கு இடம் கொடுத்த ஒரு விமானியையும் வரலாறு பதிவு செய்திருக்கிறது. 1968 மார்ச் 16 அன்று, அமெரிக்கப் படையினர் கிராமத்தவரைக் கொன்றுகொண்டிருந்த வியட்நாமின் மை லாய் கிராமத்தின்மேல் சிறிய கண்காணிப்பு ஹெலிகாப்டரில் பறந்த அமெரிக்க விமானி ஹியூ தாம்சன், கீழே கிடக்கும் உடல்கள் போராளிகளுடையவை அல்ல என்பதைக் கண்டார். தன் நாட்டுப் படைவீரர்களுக்கும் தப்பியோடும் கிராமத்தவருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். தன் குழுவினரான கிளென் ஆண்ட்ரியோட்டாவிடமும் லாரன்ஸ் கோல்பர்னிடமும், அமெரிக்க வீரர்கள் அந்த மக்களைச் சுட்டால் அவ்வீரர்களைச் சுடும்படி சொல்லிவிட்டு, துணைக்கு வந்த துப்பாக்கி ஹெலிகாப்டர்களின் விமானிகளைக் கேட்டு இறங்கச் செய்து, ஒளிந்திருந்தவர்களை ஏற்றி அனுப்பினார். தளத்துக்குத் திரும்பி மேலதிகாரிகளிடம் முறையிட்டதும் அவரே. நாட்டில் பலர் அவரைத் துரோகி என்று ஏசினார்கள். அந்தச் செயலுக்குரிய பதக்கம் 1998-இல்தான் கிடைத்தது. இப்படி ஒருவர் இருந்தார் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. ஆனால் அதே காலையில் அந்தக் கிராமத்தின்மேல் வேறு ஹெலிகாப்டர்களும் பறந்தன. ஒரு தனிமனிதரின் அசாதாரணத் துணிவை நம்பி ஒரு படையை நடத்த முடியாது. சாதாரண விமானியும் “எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை, சுடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, எதிர்காலத்துக்குப் பழுதில்லாமல் தளத்துக்குத் திரும்பக் கூடிய ஏற்பாடு வேண்டும்.

மாமாவிடம் அதைக் கேட்டேன்: “சுடாம வந்துட்டா ஏனுங்க மாமா, யாராச்சும் குத்தம் சொல்லுவாங்களா?”

“அது அந்தந்த கமாண்டிங் ஆபீசரப் பொறுத்தது மாப்ள. நல்ல சி.ஓ. இருந்தா தோளத் தட்டிக் குடுப்பாரு” என்றார்.

அதிகாரியின் குணத்தைப் பொறுத்து அது அமையக்கூடாது என்பதே என் வாதம். சுட மறுத்த விமானிக்கு எழுத்துபூர்வமான பாதுகாப்பு வேண்டும். இலக்கைக் கைமாற்றும்போது, தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்லும் கட்டாயம் வானொலிப் பேச்சிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு தாக்குதலின் காணொளியும் அழிக்கப்படாமல் காக்கப்பட்டு, பொதுமக்கள் இறந்ததாகப் புகார் வந்தால் அந்தப் படைப்பிரிவைச் சாராதவர்கள் அதைப் பார்த்து விசாரித்து முடிவை வெளியிட வேண்டும். இவற்றால் விமானிகளின் கை கட்டப்பட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தவறான தகவலின் சுமை முழுவதும் முன்னிருக்கையில் இருப்பவர்மேல் விழாமல் இந்த ஏற்பாடுகள் அவரையும் காக்கும் என்று நான் நினைக்கிறேன்.

156 ஹெலிகாப்டர்களுக்கு 312 இருக்கைகள். அவற்றில் அமரப்போகிறவர்களில் சிலர் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களாக இருக்கலாம். 1962 முதல் அந்தப் பள்ளி முப்படைகளுக்கும் அதிகாரிகளை அனுப்பி வருகிறது. அவர்கள் விமானிப் பயிற்சிக்குப் போகும்போது, பீரங்கியின் வீச்செல்லையும் ஏவுகணையின் வேகமும் கற்பிக்கப்படும் அதே வகுப்பில் உரூஸ்கானின் வானொலி உரையாடலும் சாவகச்சேரியின் அக்டோபர் 27-உம் பாடமாக வைக்கப்பட வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகத்தையும், நம் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் நான் கேட்டுக்கொள்கிறேன்.